கடல் கடந்த நகரிலிருந்து கண்மாய்க் கரைக்கு

(சித்தன்னவாசலில் நம்மவர் குடும்பங்கள் கூடிய நாளன்று நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்தார் எம்மைப் பேசும்படி பணித்தபோது எப்படியாவது தப்பித்துக்கொள்ளவே முயன்றோம். மேடையேறிப் பேசும் பழக்கம் எமக்கில்லை. சிங்கப்பூரில் 22 ஆண்டுகள் பிறர் கணக்கைப் பார்த்துக் குனிந்திருந்த தலை, பின்னர் 11 ஆண்டுகளாக அன்னவாசலுக்கருகே மண்ணைப் பார்த்துக் குனிந்திருக்கிறது. ஆயினும், வெளிநாட்டுப் பெருநகரை விட்டு நாட்டுப்புறத்தில் உழைக்க வர எண்ணும் இளைஞர் நம்மவருள் இப்பொழுது சிலர் இருக்கின்றனர் என்றும், அவர்களுடைய பெற்றோர் பெரிதும் கலங்கியிருக்கின்றனர் என்றும், ஆகவே அனுபவப்பட்ட ஒருவர் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும் என்றும் காரியதரிசி அவர்கள் வற்புறுத்தியமையால் இசைந்தோம்.

இன்று காலை நம் பிள்ளைகள் ஏழடிப்பட்டம் ஏறி இறங்கினர். அங்கே பாறையில் வழவழவென்று செதுக்கிய 17 படுக்கைகளைக் கண்டிருப்பர். அவற்றுள் பழமையான படுக்கையொன்றன் அருகே தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு செய்தி வெட்டப்பட்டுள்ளது. கிறிஸ்து பிறப்பதற்கு ஒன்றிரண்டு நூற்றாண்டு முற்பட்டதென அறிஞர் கருதுவர். எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்கு இவ்வட்டாரத்து இளையர் செய்துகொடுத்த இருக்கை என்பதே அதன் பொருள். எருமைநாடென்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்பர். எங்கேயோ பிறந்தவர் இக்குன்றுக்கு வந்தார். இருக்கையை அவர் தாமே வெட்டிக்கொண்டதாகக் கல் சொல்லவில்லை. உள்ளூரார் வெட்டிக்கொடுத்தனர் என்றே சொல்கிறது. யாம் இம்மலைக்கு வரும்போதெல்லாம் இவ்வொரு செய்தியையே நெடுநேரம் எண்ணிக்கொண்டிருப்போம். ஏனென்று பின்னர்ச் சொல்லுவோம்.

நிற்க. கடல் கடந்து போவதும் திரும்பி வருவதும் நகரத்தாராகிய நமக்குப் புதியதன்று. இரங்கூன் மொகல் தெருவிலும், சிங்கப்பூர் மார்க்கெட்டுத் தெருக் கிட்டங்கிகளிலும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகிய பெரியவர்களின் பேரப்பிள்ளைகள் இக்கூட்டத்தில் நிறைந்திருக்கின்றனர். மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்புவது அக்கால வழக்கம். திரும்பியவர் வீடு கட்டினர், கோயில் திருப்பணி செய்தனர், ஊருணி வெட்டினர், கல்விச்சாலைகள் நிறுவினர். போன இடத்திலும் தெய்வத்தை மறவாது, சிங்கப்பூரில் 1859-ஆம் ஆண்டிலேயே தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். இவையெல்லாம் பெருமைக்குரியனவே. ஆனால் ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். திரும்பி வந்தவர் செலவழிக்க வந்தாரேயன்றி ஊரில் உழைக்க வந்தாரல்லர். உழைப்பும் வருவாயும் அக்கரையில். இளைப்பாறலும் புகழும் இக்கரையில். இதுவே நம் முறையாக இருந்தது.

அம்முறை எங்கே கொண்டுபோய் விட்டதென்பதைப் பர்மா காட்டிற்று. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் நம்மவர் கைக்கு வந்திருந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு 6 பங்களவே. உலகெங்கும் விலைவாசி வீழ்ந்த மந்தத்தில் கடன்பட்ட குடியானவர் பணங்கொடுக்க இயலாமல் நிலத்தைக் கொடுத்தமையால், 1938-இல் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர்! நம் பெரியவர்கள் அந்நிலத்தை விரும்பி வாங்கவில்லை, பணமே வேண்டியிருந்தது என்பர், அது மெய்யே. எனினும் உழுதவன் கண்ணுக்கு அது எவ்வாறு தோன்றியிருக்கும்? 1941 டிசம்பரில் இரங்கூனில் குண்டு விழுந்தது. சுமார் 5 லட்சம் இந்தியர் கப்பலிலும் கால்நடையிலுமாகப் பர்மாவை விட்டு ஓடி வந்தனர். காட்டு வழியில் மாண்டவர் பலர். 1948-இல் நிலச்சட்டம் வந்தது. 1963, 1964 ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. காரைக்குடியிலுள்ள பர்மா காலனியும், சென்னையிலுள்ள பர்மா பஜாரும் அக்கதையின் மிச்சங்கள்.

அவ்வாறு வந்தோர் விரட்டப்பட்டு வந்தோர். விரும்பி வந்தோர் உண்டா எனின், உண்டு. தமிழ்நாட்டில் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஜே. சி. குமரப்பா அவர்களே. அவர் நம் குலத்தவரல்லர். தஞ்சாவூரில் 1892 ஜனவரி 4-ஆம் நாள் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். ஆயினும் அவர் தொழில் கணக்கு. ஆதலின் நம்மவர் அவரை உறவினர்போலவே எண்ணலாம் என்பது எம் கருத்து.

லண்டனுக்குச் சென்று கணக்காய்வுத் தொழில் பயின்று தேறினார். அங்கேயே சிறிது காலம் உத்தியோகமும் பார்த்தார். தாயார் அழைத்தமையால் 1919-இல் திரும்பிப் பம்பாயில் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று, சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் 1928-இல் வணிக நிருவாகப் பட்டம் பெற்று, நியூயார்க்கு நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பயின்றார். இந்தியா ஏன் ஏழை நாடாயிற்று என்று அங்கே ஒருமுறை அவர் பேசிய பேச்சு பத்திரிகையில் வெளிவர, அதைக் கண்ட அவர் ஆசிரியர் செலிக்மன் அதனையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளும்படி தூண்டினாராம். பிறர் கம்பெனிகளின் வரவு செலவைப் பார்த்த கண், முதன்முறையாகத் தன் தேசத்தின் வரவு செலவைப் பார்த்தது. பார்த்த பிறகு பழைய தொழிலில் மனம் ஒட்டவில்லை.

1929 மே 9-ஆம் நாள் சபர்மதியில் காந்தியடிகளைக் காணச் சென்றார். மேல்நாட்டு உடையில் போனவர், மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் நூல் நூற்றுக்கொண்டிருந்த கிழவரை முதலில் இன்னாரென்று அறிந்திலர். பின்னர் அறிந்து, இறுகிய கால்சட்டையுடன் தரையில் உட்கார்ந்தார். யாரோ நாற்காலி கொண்டுவந்தபோது வேண்டாமென்று மறுத்தாராம். இது சிறு செய்தி என்று நீங்கள் நினைக்கலாம். நகரத்திலிருந்து வருபவனுக்கு நாற்காலியை மறுப்பது எளிதன்று, எமக்குத் தெரியும்.

அதன் பின்னர் அவர் செய்ததே நாம் கவனிக்கவேண்டியது. இவ்வளவு படித்தவர் உடனே கிராமத்தாருக்கு உபதேசம் செய்யப் புறப்படவில்லை. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாதர் என்னும் தாலுகாவில், வித்யாபீடத்து மாணவரை உடன்கொண்டு, 54 கிராமங்களில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தார். குஜராத்தி மொழியும் அவருக்குத் தெரியாது! விளைவு என்ன, வரி என்ன, கடன் என்ன, ஆண்டில் எத்தனை நாள் வேலையின்றிக் கழிகிறது என்று கேட்டு எழுதினார். 1929 டிசம்பர் முதல் 1930 மார்ச் வரை இவ்வேலையே வேலை. ஊருக்கு மருந்து சொல்லுமுன் ஊரின் பேரேட்டை எழுதியவர் அவர்.

1934-இல் பீகாரில் பூகம்பம் நேர்ந்தபோது நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. காந்தியடிகளும் உடன் வந்தோரும் அங்கு வந்தபோது, அவர்கள் செலவை அந்நிதியில் எழுத மறுத்துவிட்டார். மகாத்மாவாயினும் பற்று பற்றுத்தான். நம் பழைய மேலாட்கள் கேட்டிருந்தால் மெச்சியிருப்பர். அவ்வாண்டு இறுதியில் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியதும், வார்தாவில் மகன்வாடியிலிருந்து அதனை நடத்தினார். எண்ணெய்ச் செக்கு, கையால் அரிசி குற்றுதல், தேனீ வளர்ப்பு, காகிதம் செய்தல் ஆகிய இவை அங்கே ஆராயப்பட்டுச் செம்மை செய்யப்பெற்றன. சிறைவாசத்தின் போது நிலைத்திருக்கும் பொருளாதாரம் யாதென்று நூல் எழுதி 1945-இல் வெளியிட்டார். இறுதி ஆண்டுகளில் மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனத்தில் வந்து தங்கினார். லண்டன், நியூயார்க்கு, பம்பாய், கடைசியில் கல்லுப்பட்டி! 1960 ஜனவரி 30-ஆம் நாள் காலமானார்.

இனி எம் கதை. இதில் பெருமைக்கிடமில்லை, முன்னதாகவே சொல்லிவிடுகிறோம்.

எமக்கு அன்னவாசலுக்கருகே 9 ஏக்கர் நிலம் உண்டு. அது பாட்டனார் காலத்தில் ஈட்டுக்கடனில் வந்தது. முன்பு உடையவராயிருந்தவரே பின்னர் வாரத்துக்கு உழுதார். அவர் மகன் காலத்தில் அதுவும் நின்றது. எம் குடும்பத்தார் ஒருவரும் எட்டிப் பாராமையால் முப்பதாண்டுக்கு மேல் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. சிங்கப்பூரில் பதினெட்டாவது மாடியில் உட்கார்ந்து, அந்நிலத்தைக் காகிதத்தில் சோலையாக்கினோம். எத்தனை மரம், எத்தனை காய், எத்தனை வெள்ளி என்று கம்ப்யூட்டரில் பத்தாண்டுக்குக் கணக்குப் போட்டோம். அக்கணக்கில் ஒரு கூட்டல் பிழையும் இல்லை. மழை மட்டுந்தான் அதில் இல்லை.

வந்த முதலாண்டில் ஆழ்துளைக் கிணறு போட்டோம். 620 அடியில் புகைதான் வந்தது. இரண்டாவது 700 அடி. சிறிது நீர் வந்து சித்திரையில் நின்றது. மூன்றாவது 850 அடி. மனைவியின் நகையில் ஒரு பகுதி அதனுள் போயிற்று. அது பற்றி அவர் இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். சொட்டுநீர்க் குழாய்களை எலி கடித்தது. வைத்த 400 மாங்கன்றுகளில் இரண்டாம் கோடையைத் தாண்டியவை 60.

மூன்றாவது கிணற்றருகே யாம் வாய் மூடி நின்றிருந்தபோது, அடுத்த நிலத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். அவர் யாரெனில், ஈட்டுக்கு நிலத்தை இழந்தவரின் பேரன். இரண்டாண்டாக வரப்பில் எதிர்ப்பட்டும் பேசாதவர். "அய்யா, இந்தக் கல்லுக்குள் என்ன தேடுகிறீர்கள்? மேலேயிருந்து வருவதைத்தானே எங்கள் பாட்டன்மார் கரை கட்டிப் பிடித்தார்கள்" என்றார். அவ்வளவே, போய்விட்டார்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. இந்த மாவட்டத்தில் கண்மாய், ஏந்தல், ஊருணி எல்லாம் சேர்ந்தால் ஆயிரக்கணக்கில் வரும். அடியில் கடும்பாறை. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் ஒருங்கே கொட்டிவிடும். அதனைக் கரையால் மறித்து, மடையால் அளந்து, மிகுந்ததைக் கலிங்கு வழியே கீழ்க் கண்மாய்க்கு விட்டு வாழ்ந்த நாடு இது. இவை பள்ளிப் பாடத்தில் யாம் படித்தவைதாம். படித்திருந்தும் 850 அடிக்குத் துளையிட்டோம்! அறிவரின் கோயில் விதானத்தில் தாமரைத் தடாகம் தீட்டப்பட்டுள்ளதை இன்று காலை கண்டீர்கள். மீனும், பறவையும், எருமையும், யானையும், பூக்கொய்யும் மாந்தரும் அதிலே உண்டு. இவ்வறண்ட பாறை நாட்டில் ஓவியன் வரைவதற்கு நீர்நிலையையே தேர்ந்தான். சமய உட்பொருள் வேறிருப்பினும், எமக்கு இப்பொழுதெல்லாம் நிறைந்த கண்மாயே அதில் தெரிகிறது.

மறுநாள் பெரியவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். கணக்குப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டு, அடுத்த ஓராண்டு முழுதும் கேட்பதும் எழுதுவதுமே தொழிலாயிற்று. எந்த வரத்துக்கால் எங்கே அடைபட்டது, எந்த மடைப்பலகை எப்பொழுது களவு போயிற்று, நீர்பாய்ச்சிக்குக் களத்தில் எவ்வளவு நெல் கொடுத்தனர், அது ஏன் நின்றது, புழுதி விதைப்புக்கு ஆவணியில் எத்தனை மழை வேண்டும், வரகு எத்தனை நாள் மழையின்றித் தாங்கும் என்பன போன்றவை. தைலமரத் தோட்டங்கள் வந்த பின்னர் மேட்டு நீர் கண்மாய்க்கு வருவது குறைந்துவிட்டதென்று முறையிட்டோர் பலர். குமரப்பாவின் மாதர் தாலுகாக் கணக்கைப் பற்றி யாம் படித்தது அதற்குப் பின்னரே. முன்னரே படித்திருந்தால் நகை மிஞ்சியிருக்கும்.

2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தமை யாவரும் அறிந்ததே. எமதூர்க் கண்மாயின் வரத்துக்காலை ஊரார் தாமே கூடி வெட்டினர். அனுமதி பெற்று வண்டல் எடுத்து வயலில் போட்டோம். மண்வெட்டி பிடித்த முதல் நாள் எம் உள்ளங்கையில் கொப்புளம் கண்டு பெண்கள் சிரித்தனர், அச்சிரிப்பில் பகையில்லை. ஆடிப்பட்டத்தில் 3 ஏக்கர் நிலக்கடலையும், மேட்டில் வரகும் இப்பொழுது செய்கிறோம். கடலையை மூட்டையாக விற்றால் கிடைப்பது கூலிக்கும் போதாது. ஆகவே மரச்செக்கு ஒன்று வைத்தோம். அதனை நடத்துவோர் ஊர்ப் பெண்கள் ஐவர். அவருள் மூத்தவர் 1991-இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தும் சைக்கிளும் ஒருங்கே கற்றவர். நாட்கணக்கை அவரே எழுதுகிறார். யாம் மாதமொருமுறை சரிபார்ப்பதோடு சரி. பெரும்பாலும் பிழை இருப்பதில்லை.

வருவாய் எவ்வளவென்று இளைஞர் கேட்பர். மறைப்பானேன்? சிங்கப்பூரில் ஒரு மாதத்தில் பெற்றதை இங்கே ஓராண்டில் பெறுகிறோம். சில ஆண்டு அதுவும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் பிழைத்திருந்த மாமரங்களிற் பாதியைச் சாய்த்தது. அங்கே சேர்த்து வைத்த பணத்தின் வட்டி இல்லாவிடில் எம் மகளின் படிப்பு நின்றிருக்கும். ஆகவே வேலையை விட்டெறிந்துவிட்டு நாளையே வாருங்கள் என்று யாம் ஒருபோதும் சொல்லமாட்டோம். ஓராண்டு வந்திருந்து, நான்கு பருவமும் பார்த்து, ஊர்க்கணக்கை எழுதிய பின்னர் முடிவு செய்யட்டும்.

ஒன்பது ஏக்கரில் 4 ஏக்கரை அப்பெரியவருக்கே எழுத்து மூலம் குத்தகைக்கு விட்டுள்ளோம். இதனைக் கேட்ட உறவினர் சிலர், "1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைக்காரனை எழுப்ப முடியாதே, நிலம் போய்விடுமே" என்று பதறினர். முப்பதாண்டு கருவேலுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தோமே, அப்பொழுது போகாத நிலமா என்று கேட்டோம். குத்தகை எழுதிய அவ்வாண்டுப் பொங்கலுக்கு அவர் வீட்டார் தம் களத்து வேப்பமரத்தடியில் ஒரு கல் பலகையைப் போட்டு, "இனி அய்யா இங்கே உட்காரலாம்" என்றனர். ஏழடிப்பட்டத்துக் கல்லெழுத்து எமக்கு ஏன் அடிக்கடி நினைவுக்கு வருகிறதென்பது இப்பொழுது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. திரும்பி வரும் பிள்ளைக்குப் பெண் கொடுப்பார் இல்லை என்பதே உங்கள் முதற்கவலை. அது நியாயமான கவலை. "இவ்வளவு படிக்கவைத்தது மண்வெட்டி தூக்கவா, அண்ணே?" என்று ஓர் ஆச்சி இன்று காலை எம்மைக் கேட்டார். மறுமொழி சொல்ல இயலவில்லை. ஆனால் நம் வீட்டு வரன் குறிப்புகளில் 'வெளிநாடு' என்ற ஒரு சொல்லைக் கண்டதும் மேற்கொண்டு ஒன்றும் விசாரியாமல் ஒப்புகிறோம். 'விவசாயம்' என்ற சொல்லைக் கண்டதும் மேற்கொண்டு ஒன்றும் விசாரியாமல் ஒதுக்குகிறோம். இரண்டும் விசாரணையற்றவை. கொடுக்கல் வாங்கலில் இவ்வாறு நம் முன்னோர் ஒருநாளும் செய்ததில்லை. கடன் என்ன, குணம் என்ன, கணக்கு எழுதுகிறானா என்று கேட்ட பின்னர் வேண்டாமென்றால், அதை யாம் குறை சொல்லோம்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்கத்தில் உறுப்பினர் முகவரிப் பதிவேடு உண்டு. அவர்களுடைய தரிசு நிலங்களின் பதிவேடு இல்லை. எந்த ஊரில், எத்தனை ஏக்கர், எக்கண்மாய்ப் பாசனம், எத்தனை ஆண்டாகக் கருவேல் என்று முதலில் எழுதுங்கள். எழுதிய பின்னர், உள்ளூரில் உழ விரும்புவோர்க்கும், திரும்பி வரும் நம் பிள்ளைகளுக்கும் ஞாயமான எழுத்துக் குத்தகையில் விடலாமா என்று பொதுக்கூட்டத்தில் ஆலோசியுங்கள். கட்டடம் ஒன்று கட்டுவதைவிட இதற்குச் செலவு குறைவு. பதிவேட்டின் முதல் ஏட்டில் எமது நிலத்தை எழுதிக்கொள்ளலாம். இன்னும் 2 ஏக்கர் கருவேல் வெட்டாமல் கிடக்கிறது.

வரும் ஆடியில் மழை பெய்த மறுநாள் கடலை விதைப்போம். தேதி இப்பொழுதே சொல்ல இயலாது. ஆள் அனுப்பிச் சொல்லுவோம். பார்க்க விரும்பும் இளைஞர் முன்னாளே அன்னவாசலுக்கு வந்து எமது வீட்டில் தங்கலாம். பெற்றோரும் உடன் வந்தால் மிக நல்லது. பகலில் வரகுச் சோறு. மாலையில் செக்கடியில் அவ்வைந்து பெண்களும் இருப்பார்கள். எம்மைக் கேட்க விரும்பாததை அவர்களிடம் கேட்கலாம்.